காரணம் தெரியாமலே கரையேறியவர்கள்

கிர்கிஸ்தானில், தியென் ஷான் மலைத்தொடரின் மடியில், இசிக்குல் என்றொரு பெரிய ஏரி இருக்கிறது. கடுங்குளிர் காலத்திலும் உறையாத ஏரி. அதற்குச் சற்றுத் தொலைவில், வணிகத்தை நம்பி வாழ்ந்த ஒரு பழைய கிறிஸ்தவச் சமூகத்தின் இடுகாடுகள் இரண்டை 1880களில் ரஷ்ய ஆய்வாளர்கள் தோண்டினார்கள். இறந்தவரின் பெயரையும் ஆண்டையும் சிரியாக் மொழியில் பொறித்த கற்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. ஆண்டு குறித்த 467 கற்களில் 118 கற்கள், அதாவது நான்கில் ஒன்று, 1338, 1339 ஆகிய இரண்டே ஆண்டுகளைச் சேர்ந்தவை. சில கற்கள் சாவுக்கான காரணத்தையும் சொல்லின: கொள்ளைநோய்.

அங்கே புதைக்கப்பட்டவர்களில் ஏழு பேரின் பற்களிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்தெடுத்து ஆராய்ந்த முடிவு 2022இல் வெளியானது. மூவரின் பற்களில் பிளேக் நுண்ணுயிரின் தடயம் இருந்தது. பத்தாண்டுக்குள் ஐரோப்பாவையும் மேற்காசியாவையும் வட ஆப்பிரிக்காவையும் சூறையாடிய பிளேக்கின் நேர் மூதாதை அது என்று மரபணு ஒப்பீடு காட்டியது.

வரலாறு இன்று கறுப்புச் சாவு என்று அழைக்கும் அந்தக் கொள்ளைநோய், 1346 முதல் 1353 வரையான முதல் அலையிலேயே ஐரோப்பிய மக்களில் மூன்றில் ஒரு பங்கினரையாவது கொன்றது. பாதிப் பேர் மாண்டிருக்கலாம் என்றும் ஆய்வாளர்கள் பலர் கணக்கிடுகிறார்கள். இந்த எண்ணைச் சொல்லிவிட்டுப் பெரும்பாலும் நாம் அங்கேயே நின்றுவிடுகிறோம். மீதிப் பாதி எப்படி வாழ்ந்தது என்ற கேள்விதான் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. அவர்களிடம் மருந்து கிடையாது. நுண்ணுயிர் என்ற எண்ணமே கிடையாது. நோய்க்குக் காரணம் என்று அவர்களின் அறிஞர்கள் சொன்னவற்றில் பெரும்பாலானவை பிழையானவை. ஆனாலும் அவர்களுடைய ஊர்கள் நிலைத்தன. அடுத்த கொள்ளைநோயை எதிர்கொள்ள, இன்றுவரை உலகம் பயன்படுத்தும் ஏற்பாடுகளை அவர்களே உருவாக்கினார்கள். காரணம் தெரியாதபோதும் கண்ணால் கண்டதை மதித்து, அதை ஊரின் ஒழுங்காக மாற்றத் தெரிந்தவர்கள் கரையேறினார்கள் என்பதே இந்த வரலாறு சொல்லும் பாடம்.

தானியக் கப்பல்களின் வழி

கிரிமியாவில், கருங்கடலின் கரையில் காஃபா என்ற துறைமுகம் ஜெனோவா வணிகர்களின் கையில் இருந்தது. மங்கோலிய அரசர் ஜானி பெக் அதை முற்றுகையிட்டிருந்தபோது, 1346இல், அவருடைய படைக்குள் நோய் புகுந்தது. செத்த வீரர்களின் உடல்களைக் கவண்பொறியில் வைத்து நகருக்குள் எறிந்தார்கள் என்ற கதையை எழுதியவர் இத்தாலியரான காப்ரியேலே டி முஸ்ஸி. அவர் அந்த முற்றுகையை நேரில் கண்டவர் அல்லர். நோய் நகருக்குள் நுழைய அப்படியொரு கவண் தேவையும் இல்லை. மதிலுக்கு வெளியே இருந்த எலி மதிலுக்கு உள்ளே வர யாரிடமும் அனுமதி கேட்காது.

போர் தணிந்து கருங்கடல் தானிய வணிகம் 1347இல் மறுபடி தொடங்கியது. பஞ்சத்தில் வாடிய இத்தாலிய நகரங்கள் கோதுமைக்காகக் காத்திருந்தன. தானியம் இருக்கும் இடத்தில் எலி இருக்கும், எலியின் உடம்பில் தெள்ளுப்பூச்சி இருக்கும். அந்த ஆண்டிலேயே கான்ஸ்டான்டிநோபிளும் அலெக்சாந்திரியாவும் நோயில் விழுந்தன. அக்டோபரில் சிசிலித் தீவின் மெசினா துறைமுகத்துக்கு 12 ஜெனோவாக் கப்பல்கள் வந்தன. அவற்றில் நோயாளிகள் இருப்பதை அறிந்து நகரத்தார் விரட்டியபோது காலம் கடந்திருந்தது. 1348 தொடக்கத்தில் வெனிஸ், கோடையில் பாரிஸ், அதே கோடையில் இங்கிலாந்தின் தென்கரை, 1349இல் நார்வேயின் பெர்கன், 1353இல் மாஸ்கோ என்று வணிகம் போன வழியெல்லாம் நோயும் போனது.

பெரிய எண்களைவிட ஒரு சிற்றூரின் பதிவேடு இதை நமக்கு நெருக்கமாகக் காட்டும். பிரான்சில் பர்கண்டிப் பகுதியில் கிவ்ரி என்று ஓர் ஊர். சுமார் 1,500 பேர் வாழ்ந்திருக்கலாம். ஆண்டுக்குச் சுமார் 30 பேர் இறப்பது அங்கே வழக்கம். 1348இல் 14 வாரங்களுக்குள் 600க்கும் மேற்பட்ட சாவுகளை அந்த ஊர்ப் பங்குக்கோயிலின் பதிவேடு குறித்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் ஆறேழு அடக்கம். ஒரு தெருவில் துக்கம் விசாரிக்கப் போனவர் திரும்பி வருவதற்குள் அவர் வீட்டிலேயே துக்கம் விழுந்திருக்கும்.

பசித்த பூச்சியின் கடி

பிளேக்கை உண்டாக்கும் பாக்டீரியாவின் பெயர் யெர்சினியா பெஸ்டிஸ். 1894இல் ஹாங்காங்கில் அதைக் கண்டுபிடித்த அலெக்சாந்தர் யெர்சானின் பெயரால் வந்தது. மனிதனைத் தேடி அலையும் கிருமியன்று அது. மத்திய ஆசியாவின் புல்வெளிகளில் வளை தோண்டி வாழும் மார்மட் போன்ற கொறிவிலங்குகளிடையே, அவற்றின் தெள்ளுப்பூச்சிகள் வழியாக, காலங்காலமாகச் சுற்றிக்கொண்டிருப்பது. காட்டு விலங்கிலிருந்து வீட்டு எலிக்குத் தாவும்போதுதான் நமக்குக் கேடு தொடங்குகிறது.

நோயுற்ற எலியின் இரத்தத்தைக் குடித்த தெள்ளுப்பூச்சியின் குடலில் இந்தப் பாக்டீரியா பெருகி, பசைபோன்ற ஒரு படலத்தை உண்டாக்குகிறது. அந்தப் படலம் பூச்சியின் இரைப்பைக்கு முன்னுள்ள வாயிலை அடைத்துவிடும். குடித்த இரத்தம் உள்ளே இறங்காது. பசி தாளாத பூச்சி திரும்பத் திரும்பக் கடிக்கும். ஒவ்வொரு கடியிலும், அடைப்பில் மோதித் திரும்பும் இரத்தம் கிருமிகளையும் அள்ளிக்கொண்டு கடிவாயில் கொட்டும். எலிகள் செத்து விழுந்தபின் பூச்சிக்கு வேறு இரத்தம் வேண்டும். பக்கத்தில் உறங்கும் மனிதனை அது அப்போது நாடுகிறது.

உடலுக்குள் புகுந்த கிருமி அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குப் போய்ச் சேரும். தொடையிடுக்கிலோ அக்குளிலோ கழுத்திலோ நெறி கட்டும். முட்டையளவுகூட வீங்கும், தொடமுடியாமல் வலிக்கும், காய்ச்சல் கொதிக்கும். மருத்துவம் இல்லையென்றால் இவ்வகைப் பிளேக்கில் 100க்கு 30 முதல் 60 பேர் இறப்பார்கள். கிருமி நுரையீரலை எட்டினால் நிலை இன்னும் மோசம். நோயாளி இருமும்போது தெறிக்கும் துளிகளாலேயே அடுத்தவருக்குத் தொற்றும். சிகிச்சை இல்லாவிட்டால் தப்புவது மிக அரிது.

பூச்சிக்கும் பிளேக்குக்கும் உள்ள உறவை முதலில் சோதனையில் காட்டியவர் பால்-லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர். ஆண்டு 1898, இடம் கராச்சி. பம்பாயில் 1896இல் தொடங்கி ஒரு கோடிக்கும் மேற்பட்ட இந்தியர்களைப் பலிகொண்ட பிளேக் அப்போது பரவிக்கொண்டிருந்தது. கோயம்புத்தூரில் இன்றும் பிளேக் மாரியம்மன் என்ற பெயரில் கோயில்கள் இருப்பது அந்தக் காலத்தின் எச்சம்தான். ஆக, எலி, பூச்சி, மனிதன் என்ற தொடர்ச்சி விளங்குவதற்குக் கறுப்புச் சாவுக்குப் பின் ஐந்தரை நூற்றாண்டுகள் தேவைப்பட்டன. அந்தப் பழைய கொள்ளைநோய் அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு எலித் தெள்ளு மட்டுமா, மனிதர் உடம்பிலும் உடையிலும் வாழும் தெள்ளும் பேனும் காரணமா என்று இன்றும் ஆய்வாளர்கள் விவாதிக்கிறார்கள்.

வானத்தில் தேடியவர்களும் வாசலில் பார்த்தவர்களும்

பிரெஞ்சு அரசர் ஆறாம் பிலிப் கேட்டுக்கொண்டதன் பேரில், பாரிஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் புலம் 1348 அக்டோபரில் ஓர் அறிக்கை தந்தது. ஐரோப்பாவின் மிகச் சிறந்த மருத்துவ மூளைகள் கூடி எழுதியது. 1345 மார்ச்சில் கும்ப ராசியில் சனியும் வியாழனும் செவ்வாயும் சேர்ந்தன, அச்சேர்க்கையால் காற்று கெட்டது, கெட்ட காற்று நெஞ்சுக்குள் போய் உடலை அழுகச் செய்கிறது என்பது அவர்களின் முடிவு. அந்தக் காலத்து அறிவின் எல்லைக்குள் நேர்மையாக எட்டிய முடிவுதான். முற்றிலும் தவறானது.

ஆனால், அதே ஆண்டில் நோயாளியின் படுக்கையருகே நின்று பார்த்தவர்களின் குறிப்புகளை இன்றைய மருத்துவர் படித்தாலும் ஒப்புக்கொள்வார். போப்பாண்டவர் ஆறாம் கிளமெந்தின் மருத்துவர் கி டி ஷோலியாக், ஆவிஞான் நகரில் நோய் இரண்டு வடிவில் வந்ததைத் தெளிவாகப் பிரித்து எழுதினார். முதல் வகையில் காய்ச்சலும் இரத்தம் துப்புதலும், மூன்று நாளில் சாவு. இரண்டாவது வகையில் அக்குளிலும் தொடையிடுக்கிலும் கட்டி, ஐந்து நாளில் சாவு. நுரையீரல் பிளேக், நெறிக்கட்டிப் பிளேக் என்று நாம் இன்று சொல்லும் பிரிவு இதுவே. அவரும் நோயில் விழுந்தார், ஆறு வாரம் கிடந்து பிழைத்தார். போப்பாண்டவரை இரண்டு பெருநெருப்புகளுக்கு நடுவே அமர்ந்திருக்கச் சொன்னார்கள். கெட்ட காற்றைச் சுத்தப்படுத்தவே அந்தத் தீ. அதன் வெக்கை பூச்சிகளை அண்டவிட்டிருக்காது என்று இன்று நமக்குத் தோன்றுகிறது. கிளமெந்து உயிர் பிழைத்தார்.

ஸ்பெயினின் கிரனாடா அரசில் அமைச்சராக இருந்த இப்னுல் கத்தீப் இன்னும் ஒரு படி மேலே போனார். நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதில்லை என்பதே அவரைச் சுற்றியிருந்த சமய அறிஞர் பலரின் நிலைப்பாடு. அவரோ, நோயாளியைத் தொட்டுப் பழகியவர் விழுகிறார், விலகி இருந்தவர் தப்புகிறார், நோயாளியின் உடையிலும் பாத்திரத்திலும் காதணியிலும்கூட நோய் போகிறது, நோயுள்ள ஊரிலிருந்து கப்பல் வந்தபின்தான் துறைமுகத்தில் நோய் தோன்றுகிறது என்று சான்றுகளை அடுக்கினார். அனுபவமும் புலனறிவும் மறுக்க முடியாதபடி காட்டுவதை மறுப்பது தகாது என்று வாதிட்டார். நுண்ணோக்கி பிறக்க இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் இருந்த காலத்தில் எழுந்த குரல் அது. அறிவியல் மனம் என்று நாம் சொல்வது கருவிகளால் மட்டும் வருவதன்று என்பதற்கு அவரைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அச்சம் போன இரு திசைகள்

மொரோக்கோவின் பெரும்பயணி இப்னு பதூதா 1348இல் சிரியாவில் இருந்தார். சில ஆண்டுகளுக்கு முன்தான் தமிழகத்திலிருந்து போயிருந்தார். மதுரை சுல்தான் கியாசுத்தீன் தாமகானியின் மனைவியும் இவருடைய மனைவியும் உடன்பிறந்தவர்கள். மதுரையிலும் ஒரு கொள்ளைநோயை அவர் கண்டார். நோய் கண்டவர்கள் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ இறந்ததாக எழுதியிருக்கிறார். அது பிளேக் என்று சொல்லச் சான்று இல்லை. ஆனால் கொள்ளைநோயின் முகத்தை ஏற்கெனவே பார்த்திருந்தவர் என்பதால், தமாஸ்கஸ் பற்றிய அவருடைய குறிப்புக்குத் தனி மதிப்பு உண்டு.

தமாஸ்கஸில் மக்கள் மூன்று நாள் நோன்பிருந்தார்கள். பிறகு பெரிய பள்ளிவாசலில் கூடி, இரவெல்லாம் தொழுது, விடிந்ததும் வெறுங்காலுடன் நகருக்கு வெளியே நடந்தார்கள். முஸ்லிம்கள் குர்ஆனை ஏந்தியிருந்தார்கள். யூதர்கள் தோராவோடும் கிறிஸ்தவர்கள் நற்செய்தி நூலோடும் பெண்டு பிள்ளைகளோடு உடன் வந்தார்கள். எல்லோரும் அழுது மன்றாடினார்கள் என்கிறார் இப்னு பதூதா. அந்த ஊர்வலம் ஒரு தெள்ளுப்பூச்சியையும் தடுத்திருக்காது. ஆனால் அச்சத்தின் உச்சத்தில் அந்த நகரம் பக்கத்து வீட்டுக்காரனைப் பகைவனாகப் பார்க்கவில்லை.

அதே நோயின் அச்சம் ஐரோப்பாவில் வேறு திசையில் போனது. யூதர்கள் கிணற்றில் நஞ்சு கலந்தார்கள் என்ற வதந்தி கிளம்பியது. சித்திரவதை செய்து வாங்கிய வாக்குமூலங்கள் ஊர் ஊராக அனுப்பப்பட்டன. யூதர்களும் இதே நோயில் சாகிறார்கள், யூதர்களே இல்லாத நாடுகளிலும் இந்த நோய் இருக்கிறது, அப்படியிருக்க இவர்கள் எப்படிக் காரணமாவார்கள் என்று கிளமெந்து 1348இல் ஆணைகள் பிறப்பித்தார். மிக எளிய, மிகச் சரியான தருக்கம். கேட்பார் இல்லை. ஸ்ட்ராஸ்பூர் நகரில் யூதர்களைக் காக்க முயன்ற நகர மன்றத்தைக் கவிழ்த்துவிட்டு, 1349 பிப்ரவரி 14 அன்று நூற்றுக்கணக்கானவர்களை எரித்துக் கொன்றார்கள். அவர்களிடம் பட்டிருந்த கடன்கள் தள்ளுபடியாயின, உடைமைகள் பங்கிடப்பட்டன. அந்த நாளில் நோய் ஸ்ட்ராஸ்பூருக்கு வந்திருக்கவே இல்லை. கொலை முடிந்து சில மாதம் கழித்து, அந்தக் கோடையில் வந்தது. கிணற்றுக் கதையை நம்பியவர்களையும் நம்பாதவர்களையும் அது வேறுபாடின்றிக் கொன்றது.

கொள்ளைநோயில் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்கில் இந்தச் சாவுகளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று நினைக்கிறேன். கிருமி கொன்றது போக, அச்சமும் பேராசையும் கொன்றவை இவை. கிருமியைத் தடுக்க அன்று யாராலும் முடியவில்லை. இவற்றைத் தடுத்திருக்க முடியும்.

உடைந்த ஊரைத் தாங்கிய கைகள்

குடும்பத்தார் குடும்பத்தாரைக் கைவிட்டு ஓடியதை இத்தாலிய எழுத்தாளர் பொக்காச்சியோ தன் டெக்கமரான் என்ற கதைநூலில் எழுதியிருக்கிறார். அது நடந்தது உண்மை. சியன்னா நகரின் அன்யோலோ டி தூரா தன் ஐந்து பிள்ளைகளைத் தன் கையாலேயே புதைத்ததைக் குறித்து வைத்தார். உலகிலேயே பெரிய தேவாலயங்களில் ஒன்றாக்க வேண்டும் என்று சியன்னாவில் தொடங்கிய விரிவாக்கம் நின்றுபோனது. முடிக்கப்படாத அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது.

இத்தனைக்கும் நடுவே தம் வேலையைக் கைவிடாதவர்களும் இருந்தார்கள். லண்டனில் நோய் வலுத்தபோது நகருக்கு வெளியே புதிய இடுகாடுகளுக்கு நிலம் ஒதுக்கினார்கள். அவற்றில் ஒன்றான கிழக்கு ஸ்மித்ஃபீல்டை 1980களில் தொல்லியலாளர்கள் தோண்டினார்கள். நீண்ட அகழிகளில், சில இடங்களில் ஐந்து அடுக்குவரை உடல்கள் இருந்தன. ஆனால் அள்ளிக் கொட்டியதுபோல் இல்லை. பெரும்பாலும் தலை மேற்கிலும் கால் கிழக்கிலுமாக, கிறிஸ்தவ முறைப்படி, வரிசையாகக் கிடத்தப்பட்டிருந்தன. சிலர் பெட்டியிலும் வைக்கப்பட்டிருந்தார்கள். ஒவ்வொரு உடலையும் யாரோ தூக்கி, திருப்பி, ஒழுங்காகக் கிடத்தியிருக்கிறார்கள். அந்த வேலையைச் செய்தவர்களுக்குத் தொற்றும் என்ற அச்சம் இல்லாமலா இருந்திருக்கும்?

நோயாளியருகே போகவேண்டிய பாதிரியார்கள் பெருமளவில் இறந்தார்கள். இங்கிலாந்தின் பல மறைமாவட்டங்களில் பத்துக்கு நான்கு பங்குத்தந்தையர் மாண்டனர். பாத், வெல்ஸ் பகுதியின் ஆயர் 1349 ஜனவரியில் ஓர் அறிவிப்பு விடுத்தார்: சாகும் தறுவாயில் பாதிரியார் கிடைக்காவிட்டால், பாவசங்கீர்த்தனத்தைப் பொதுநிலையினர் யாரிடமாவது செய்யலாம், ஆணில்லையென்றால் பெண்ணிடமும் செய்யலாம். அந்தக் காலத்துத் திருச்சபையில் இது எவ்வளவு பெரிய தளர்வு! விதி உடையாமல் இருப்பதற்காக விதியை வளைத்தார்கள். சாகிறவர் ஆறுதலின்றிச் சாகக் கூடாது என்பது முன்னால் வந்து நின்றது.

எழுதுவோரும் எழுதுவதை விடவில்லை. புளோரன்ஸின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்த ஜொவான்னி வில்லானி 1348இல் பிளேக்கில் இறந்தார். அவருடைய தம்பி மத்தேயோ தொடர்ந்து எழுதினார். 1363இல் வந்த பிளேக்கில் அவரும் இறந்தார். மத்தேயோவின் மகன் பிலிப்போ ஏட்டை எடுத்துத் தொடர்ந்தார். அயர்லாந்தின் கில்கென்னியில் துறவி ஜான் கிளின், தமக்குப் பின் யாராவது உயிரோடு இருந்தால் தொடர்ந்து எழுதட்டும் என்று தம் குறிப்பேட்டில் வெற்றுத் தோல்தாள்களை விட்டுச் சென்றார். நமக்கு அந்தக் காலம் தெரிவது இவர்களால்தான். அடுத்த தலைமுறை அதே நோயைக் கண்டதும் அடையாளம் கண்டுகொண்டதும் இப்படிப்பட்ட பதிவுகளால்தான்.

முப்பது நாள் தனிமை

1348 மே மாதம், தஸ்கனிப் பகுதியின் பிஸ்தோயா என்ற சிறு நகரம் சில விதிகளை இயற்றியது. நோய் பரவிய பீசாவுக்கும் லூக்காவுக்கும் யாரும் போகக் கூடாது, அங்கிருந்து யாரும் வரக் கூடாது. பழைய துணி எதையும் நகருக்குள் கொண்டுவரக் கூடாது. இறந்தவரை மரப்பெட்டியில் வைத்து ஆணியடித்த பிறகே எடுக்க வேண்டும். குழி குறிப்பிட்ட ஆழம் இருக்க வேண்டும். நோயாளிகள் கலங்காமலிருக்கச் சாவு மணி அடிக்கக் கூடாது. இறைச்சிக் கடைகளுக்குத் தனி ஒழுங்கு. கெட்ட நாற்றமே நோயின் காரணம் என்ற நம்பிக்கையிலிருந்துதான் பல விதிகள் பிறந்தன. ஆனால் பழந்துணியைத் தடுத்தவன் தன்னை அறியாமல் தெள்ளுப்பூச்சியைத் தடுத்தான். ஆட்களைத் தடுத்தவன் நுரையீரல் பிளேக்கைத் தடுத்தான். பிஸ்தோயாவுக்கு நோய் வந்துவிட்டது உண்மைதான். விதிகள் தாமதமாக வந்தன.

அடுத்தடுத்து அலைகள் வந்தன. 1361இல் வந்ததில் குழந்தைகள் பெருமளவில் இறந்தார்கள். ஒவ்வொரு அலையும் நகரங்களுக்கு எதையாவது கற்றுக்கொடுத்தது. ஏட்ரியாட்டிக் கடற்கரையின் ரகூசா, இன்றைய குரோயேஷியாவின் துப்ரோவ்னிக், கடல் வணிகத்தால் வாழ்ந்த சிறிய குடியரசு. துறைமுகத்தை மூடினால் பட்டினி, திறந்து வைத்தால் கொள்ளைநோய். 1377 ஜூலையில் அதன் பெருமன்றம் மூன்றாவது வழியைக் கண்டது: நோயுள்ள இடங்களிலிருந்து வருபவர் யாராயினும் மிர்கான் என்ற சிறு தீவிலோ சவ்தாத் என்ற ஊரிலோ ஒரு மாதம் தங்கிய பிறகே நகருக்குள் வரலாம். நோயாளியை ஒதுக்கிவைப்பது உலகுக்குப் பழையது. நலமாகத் தோன்றும் ஒருவரையும், நோய் அவருக்குள் ஒளிந்திருக்கலாம் என்று எண்ணிக் குறிப்பிட்ட காலம் காத்திருக்கச் சொல்லும் சட்டம் புதியது. காலம் 40 நாளாகப் பின்னர் நீண்டது. இன்று உலகெங்கும் வழங்கும் குவாரன்டைன் என்னும் ஏற்பாட்டின் தொடக்கம் இதுவே. வெனிஸ் 1423இல் ஒரு தீவில் பிளேக் நோயாளிகளுக்கென்றே நிரந்தர மருத்துவமனை கட்டியது, அரசின் செலவில்.

இந்த 30 நாள் கணக்கை இன்றைய அறிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிளேக் கிருமி மனித உடலில் புகுந்து அறிகுறி காட்ட ஒரு வாரத்துக்குமேல் ஆகாது. கப்பலில் எலிகளிடையே நோய் பரவி, எலிகள் செத்து, பூச்சிகள் மனிதரிடம் தாவுவதற்கும் சேர்த்து வைத்தால்கூட ஒரு மாதம் நியாயமான எல்லைதான். கிருமியை அறியாத வணிகர் கூட்டம் ஒன்று, கப்பல்கள் வந்ததையும் நோய் வெடித்ததையும் முப்பதாண்டு காலம் கவனித்து, அந்த எல்லையை எட்டிவிட்டது.

பிழைத்தவர்களின் உடலும் உழைப்பும்

பிளேக் ஏழை பணக்காரன் பார்க்கவில்லை என்று சொல்வதுண்டு. காஸ்டிலின் அரசர் பதினொன்றாம் அல்ஃபோன்சோவே 1350இல் அதில் இறந்தார். ஆனால் கிழக்கு ஸ்மித்ஃபீல்டு எலும்புகளை ஆராய்ந்த ஷாரன் டிவிட், அந்தச் சாவு கண்மூடித்தனமானது அல்ல என்று காட்டினார். ஏற்கெனவே நோயாலும் ஊட்டக்குறைவாலும் நலிந்திருந்த தடயம் கொண்ட உடல்கள் கூடுதலாக விழுந்திருந்தன. அந்தத் தலைமுறையில் பலர், 1315இல் தொடங்கிய பெரும் பஞ்சத்துக்குப் பிந்தைய வறுமையில் வளர்ந்தவர்கள். பசி முன்பே பாதி வேலையை முடித்திருந்தது.

பிழைத்தவர்களின் மரபணுவில் ஏதேனும் சிறப்பு இருந்ததா? நோயெதிர்ப்போடு தொடர்புள்ள ஈஆர்ஏபி2 என்ற மரபணுவின் ஒரு வடிவம் கொண்டவர்கள் கூடுதலாகத் தப்பினார்கள் என்று 2022இல் ஓர் ஆய்வு சொன்னது. அதன் புள்ளிவிவர முறையை வேறு ஆய்வாளர்கள் கேள்விக்கு உள்ளாக்கியிருக்கிறார்கள். விவாதம் முடியவில்லை.

விவாதத்துக்கு இடமில்லாத மாற்றம் கூலியில் நிகழ்ந்தது. இங்கிலாந்தில் நிலம் அப்படியே கிடந்தது, உழும் கைகள் பாதியாகிவிட்டன. பண்ணையாள் கூடுதல் கூலி கேட்டான், கொடுக்காவிட்டால் அடுத்த பண்ணைக்குப் போனான். 1349இல் ஓர் ஆணையும் 1351இல் ஒரு சட்டமும் கொண்டுவந்து, கொள்ளைநோய்க்கு முந்தைய கூலிக்கே வேலை செய்ய வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தியது. மீறியவர்களுக்குத் தண்டனை. ஆனாலும் கூலி ஏறியது. எளிய மக்களின் உணவில் இறைச்சியும் நல்ல ரொட்டியும் கூடின. 1381இல் தலைவரியை எதிர்த்துக் குடியானவர்கள் லண்டன்வரை படையெடுத்து வந்தார்கள். கிளர்ச்சி நசுக்கப்பட்டது. இருந்தும், மண்ணோடு மனிதனைக் கட்டிவைத்த பண்ணையடிமை முறை அடுத்த நூற்றாண்டில் அங்கே தேய்ந்தது.

இதை வைத்து, கொள்ளைநோய் ஏழைகளுக்கு நன்மை செய்தது என்று சொல்லிவிட முடியாது. எகிப்தைப் பார்க்க வேண்டும். அங்கும் இதே நோய், இதே அளவுச் சாவு. நைல் வெள்ளத்தைத் தேக்கிப் பாய்ச்சும் கரைகளையும் கால்வாய்களையும் ஆண்டுதோறும் ஊரார் கூடித் தூர்வாரிச் சீர்செய்தால்தான் விளைச்சல் உண்டு. ஆட்கள் குறைந்ததும் அந்த வேலை தடைப்பட்டது. நிலவருவாயைப் பெற்று நகரத்தில் வாழ்ந்த மம்லூக் படைத்தலைவர்கள், எஞ்சிய குடிகளிடமே முழு வரியையும் பிழிந்தார்கள். குடிகள் ஓடினார்கள், கரைகள் உடைந்தன, வயல்கள் பாழாயின. இங்கிலாந்தில் நடந்த எழுச்சி அங்கே நடக்கவில்லை. கிருமி ஒன்றுதான். நிலம் யார் கையில், உழைப்பவன் பேரம் பேச முடியுமா, பொதுவேலையை யார் பார்ப்பது என்பவை வேறுபட்டன. அதற்கேற்ப நோய்க்குப் பிந்தைய வாழ்வும் வேறுபட்டது.

நோயின் தாக்கமும் எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை. 19 ஐரோப்பிய நாடுகளில் 261 இடங்களின் ஏரி, சதுப்பு நிலப் படிவுகளில் சேர்ந்த பழைய மகரந்தத்தை ஆராய்ந்த முடிவுகளும் 2022இல் வந்தன. ஆட்கள் மடிந்த இடத்தில் பயிரின் மகரந்தம் குறைந்து காட்டுமரங்களின் மகரந்தம் கூடியிருக்கும் என்பது அடிப்படை. இத்தாலியின் சில பகுதிகளில் அப்படியே இருந்தது. போலந்து போன்ற இடங்களில் வேளாண்மை தளராமல் தொடர்ந்திருந்தது.

ஏற்பாட்டைக் காப்பதே மருந்து

பிளேக் ஐரோப்பாவுக்கு மூன்றரை நூற்றாண்டுகளுக்கு மேல் வந்துகொண்டேயிருந்தது. மேற்கு ஐரோப்பாவில் அதன் கடைசிப் பெருந்தாக்குதல் 1720இல் மார்செய் நகரில். அந்த வரலாறு கறுப்புச் சாவின் பாடத்தைத் தலைகீழாகச் சொல்கிறது. அப்போது மார்செய்யில் எல்லாம் இருந்தன: சுகாதார வாரியம், தடுப்புத் தீவுகள், வரும் கப்பல்களுக்கு எழுதப்பட்ட விதிகள். கிழக்கு மத்தியதரைக் கடலிலிருந்து வந்த கிரான் சேன்-தாந்துவான் என்ற கப்பலில் வழியிலேயே மாலுமிகள் பலர் இறந்திருந்தார்கள். அதன் பட்டையும் பருத்தியையும் கோடைச் சந்தைக்குக் கொண்டுபோக வணிகர்கள் அவசரப்பட்டார்கள். நகரின் செல்வாக்குள்ளோருக்குச் சரக்கில் பங்கு இருந்தது. விதிகள் தளர்த்தப்பட்டன. நகர மக்களில் பாதிக்கு நெருக்கமானோர் இறந்தார்கள்.

1377இல் ரகூசா அறிந்ததைவிட 1720இல் மார்செய் நிறையவே அறிந்திருந்தது. முன்னது தன் சிறிய அறிவைச் சட்டமாக்கி, வணிகனும் பிரபுவும் அதற்குக் கட்டுப்படும்படி செய்தது. பின்னது தன் பெரிய அறிவை லாபத்துக்காக ஒதுக்கிவைத்தது.

இன்று பிளேக்குக்கு ஸ்ட்ரெப்டோமைசினும் டாக்சிசைக்ளினும் இருக்கின்றன. உரிய நேரத்தில் கொடுத்தால் நோயாளி பெரும்பாலும் பிழைப்பார். மடகாஸ்கரிலும் காங்கோவிலும் ஒவ்வோர் ஆண்டும் நோய் தலைகாட்டுகிறது. 1994இல் சூரத்தில் பரவிய அச்சத்தில் இலட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடியது நம் நினைவுக்கு எட்டிய காலத்தில்தான். அடுத்து வரும் கொள்ளைநோய் பிளேக்காக இல்லாமல் போகலாம். அதன் காரணம் நமக்கு முதல் நாளே தெரிந்துவிடும் என்று உறுதி கிடையாது. அந்த இடைவெளியில் நம்மைக் காப்பவை 14ஆம் நூற்றாண்டு மக்கள் கையாண்டவையே: வந்ததை மறைக்காமல் பதிவது, கண்டதை நம்புவது, ஒதுங்கச் சொன்னால் ஒதுங்குவோருக்குச் சோறும் இடமும் கொடுப்பது, இறந்தவரை மதிப்போடு அடக்கம் செய்வது, வதந்திக்கு அண்டை வீட்டாரைப் பலியிடாமல் இருப்பது. இவற்றில் எதற்கும் மருந்து கண்டுபிடிக்கப்படும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இவற்றைச் செய்யும் நகர மன்றங்களும் பதிவேடுகளும் பொது மருத்துவமனைகளும் நோயில்லாத நாட்களில் வலுவாக இருந்தால்தான் நோய் வந்த நாளில் நமக்குத் துணை நிற்கும். அவற்றுக்குச் செலவிடுவதை வீண் என்று எண்ணும் ஒவ்வொரு ஊரும் மார்செய்யின் வழியில் நடக்கிறது.